உப்பு வணிகன் கொடுத்த படுக்கை

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே புதுமண்டபம். அதையும் தாண்டினால் எழுகடல் தெருவில் ராயகோபுரம். கோபுரம் என்பது பெயருக்குத்தான். திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன வேலை அது. வாசலின் இரு பக்கமும் நிற்கும் ஒற்றைக்கல் நிலைகளை அண்ணாந்து பார்த்தால், இது மட்டும் முடிந்திருந்தால் 170 அடித் தெற்குக் கோபுரமே இதன் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று மதுரைக்காரர்கள் சொல்வதை நம்பத் தோன்றும். நிலைகளுக்கு நடுவே இப்போது பாத்திரக் கடைகள். கல்லில் செதுக்கிய கொடிகளை உரசிக்கொண்டு எவர்சில்வர் குடங்கள் கயிற்றில் தொங்குகின்றன. சீர்வரிசைக்கு அண்டா பார்க்க வந்த ஒரு குடும்பம் விலை படியாமல் நாயக்கர் காலத்துக் கல்லின்மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி வருத்தம் ஒன்றும் வரவில்லை. அரசன் கட்ட நினைத்த இடத்தில் வியாபாரி கடை போட்டு உட்கார்வதும், அதையும் சாமி பார்த்துக்கொண்டிருப்பதும் இந்த ஊரின் பழைய ஏற்பாடு. அது எவ்வளவு பழையது என்பது ஊருக்கு வெளியே போனால்தான் தெரியும்.

பெரும்பாலோர் வெளியே போவதில்லை. கூட வந்திருந்த அக்கா மகனின் கைப்பேசியிலும் அதே பட்டியல்தான் இருந்தது: கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி அருங்காட்சியகம், ஜிகர்தண்டா, சாயங்காலம் கொடைக்கானலுக்கு வண்டி. "மதுரையில வேற என்ன மாமா இருக்கு?" என்றான். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறவன். கோல்கொண்டாவின் மேல்தளம்வரை மூச்சிரைக்க ஏறிப் பார்த்தவன்; மலை ஏறச் சொன்னால் மறுக்கமாட்டான் என்ற தைரியத்தில் கொடைக்கானலை நீக்கச் சொன்னேன்.

கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போவது நல்ல ஏற்பாடு என்பேன். ஆயிரங்கால் மண்டபத்தில் ஜனங்கள் சிலையைப் பார்க்கிறார்கள், சிலை முன்னால் தங்களைப் பார்ப்பதில்லை. அந்த மண்டபத்தில் தூண்கள் 985. அரியநாத முதலியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. எண்ணிப் பார்க்கிறேன் என்று கிளம்பியவன் சீக்கிரமே திரும்பிவிட்டான்.

என்னை அதிக நேரம் பிடித்து வைப்பது கோயிலைச் சுற்றிய தெருக்கள். உள்ளே ஆடி வீதி, அடுத்து சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு சரக்கு. தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. அதன் சந்துகளில் பட்டறைகள், பற்றவைக்கும் குழலை ஊதிக்கொண்டு தலை நிமிராத ஆட்கள். விளக்குத்தூண் பக்கம் திரும்பினால் ஜவுளி. அந்தத் தூண் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் நினைவாக நிற்கிறது. பிளாக்பர்ன் 1840-களில் மதுரைக் கோட்டையின் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்: இடித்துத் தூர்ப்பவருக்கே அந்த இடம். அரசாங்கம் பெரிதாகச் செலவழிக்கவில்லை, கோட்டை போய்விட்டது, வெளி வீதிகள் வந்தன. மதுரைக்காரர்களுக்கு இடத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுமண்டபத்துக்குள்தான் ஒரு காலத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடுப்பும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகமும், வளையலும், பித்தளைச் சாமானும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது உண்மைதான். தையல் இயந்திரச் சத்தமில்லாத புதுமண்டபம் எனக்கு இன்னும் பழகவில்லை என்பதும் உண்மை.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும், அதாவது பகல் சந்தையையும் இரவுச் சந்தையையும், விரித்துச் சொல்கிறார். அரசனுக்கு நிலையாமையைச் சொல்லவந்த பாட்டு 782 அடி ஓடுகிறது. அதில் சந்தைக்கு ஒதுக்கிய இடம் கொஞ்சமில்லை. புலவருக்கே கடைத்தெருவை விட்டு நகர மனமில்லை போலிருக்கிறது.

மேலமாசி வீதியில் 251-ஆம் எண் வீட்டைப் பட்டியலில் நான் சேர்த்தேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறியது இங்கேதான். கதர் வாங்க ஏழைக்குக் காசில்லை என்று வழியில் கேட்ட பேச்சு அவரை உறுத்தியிருந்தது. மாடியில் தங்க இடம் கொடுத்தவர் ஒரு குஜராத்தி வணிகர். கீழே இப்போது கதர்க் கடை. தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. உடுத்தத் தொடங்கிய இடமும் கடைசியாக உடுத்தியதும் ஒரே ஊரில் இருக்கின்றன.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் போனோம். இன்று நிற்பது 1636-இல் எழுந்த அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்தெடுத்தது போக மிச்சம். 19-ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு பழுதுபார்த்ததால் தப்பியது. தூண்களின் பருமன் ஆளை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வாழ்ந்த வீட்டின் வாசனை இல்லாத கட்டடம். அதற்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்பார்கள். எனக்கு அரண்மனையைவிடப் பள்ளமே பிடிக்கும். சாயங்காலம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சுண்டலோ மாங்காய்க் கீற்றோ தின்னலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

மறுநாள் காலை தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து கீழக்குயில்குடி. ஓட்டுநர் தம்பி அந்தப் பக்கத்துக்காரர். "அங்கிட்டு என்ன சார் இருக்கு, மொட்டப் பாறைதேன்" என்று சொல்லிவிட்டு, அய்யனார் கோயில் தாமரைக் குளத்தோரம் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தி இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். அந்தத் தாமரைக் குளமும் ஆலமரங்களும் மட்டுமே இருந்தால்கூட இங்கே வரலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கெடா வெட்டுக் கூட்டமும் படப்பிடிப்புக்கு வரும் மணமக்களும் சேர்ந்து இடம் கிடைக்காது.

மொட்டைப் பாறையின் பெயர் சமணர் மலை. கீழ்ப்பக்கம் ஒரு குகை. வாசலுக்கு வெளியே பாறையில் பெரியதாக மகாவீரர் அமர்ந்திருக்கிறார். காது நீண்டு, வயிறு அமைதியாக, பீடத்தில் வட்டெழுத்தோடு. ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று எண்ணி இந்த இடத்தைச் செட்டிப்புடவு என்கிறார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஊகம் அவ்வளவு தவறாகப் படவில்லை. சமணத் துறவிகளைத் தாங்கியவர்களில் வணிகர் ஏராளம். சாமியைப் பார்த்துக் கொடையாளியை நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். குகைக்குள் விதானத்தை ஒட்டி ஒரு பெண் சிங்கத்தின்மேல் ஏறி வில்லை வளைத்து யானைமேல் வருகிறவனோடு பொருதுகிறாள். கொல்லாமை பேசிய துறவிகளின் குகையில் இவ்வளவு கோபமான ஒரு சிற்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை, யட்சி என்கிறார்கள்.

மலையின் மேல்பக்கம் பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி, வயதானவர்களும் ஏறிவிடலாம். ஒரு சுனை, அதன் மேலே வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், கொடி சுற்றிய கோமதேசுவரர், முக்குடைக்கீழ் மகாவீரர். எல்லாம் 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. அடியில் உள்ள எழுத்துகளில் யார் செய்வித்தது என்று இருக்கிறது; ஒருத்தி குணமதி, அச்சணந்தி என்ற துறவியின் தாய். தமிழ்நாட்டுச் சமண மலைகள் பலவற்றில் சிற்பம் செய்வித்தவர் அச்சணந்தி. ஊர் ஊராக அலைந்த மகனைப் பெற்றவள் தன் பங்குக்கு ஒரு சிலை செய்துவைத்து, தன் பெயரைச் சொல்லும்போது அவன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறாள். கல்வெட்டில் நான் பார்த்த அம்மாக்களில் மறக்க முடியாதவள்.

கீழடிக்குப் பிற்பகலில் போனோம். மானாமதுரைச் சாலையில் சிலைமானைத் தாண்டி, சிவகங்கை மாவட்டத்துக்குள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். வெயிலுக்கு முற்றமும் தாழ்வாரமும் இதம். தென்னந்தோப்பு என்று எல்லாரும் நினைத்த பள்ளிச்சந்தைத் திடலில் மத்தியத் தொல்லியல் துறை 2014-இல் அகழத் தொடங்கியது, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில். பிறகு 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தபோது ஊரே பேசியது. அந்த ஆண்டைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தங்கத் துண்டுகள், நூல் நூற்கும் தக்களி, பகடைக் காய், வடமேற்கிலிருந்து வந்திருக்கக்கூடிய சூதுபவள மணி. அரண்மனைச் சாமான் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. வேலை செய்து, விற்று, விளையாடி வாழ்ந்தவர்களின் சாமான். பானை ஓடுகளில் உரியவரின் பெயர் கீறியிருக்கிறது: ஆதன், குவிரன். இன்றைக்கும் விசேஷ வீட்டுக்கு இரவல் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோம் இல்லையா, அதே முன்ஜாக்கிரதை.

ஆதன் என்ற பெயரை மருமகனிடம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அழகர்கோவிலுக்கு விடிகாலையில் கிளம்பினோம். மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் மூடிய கதவுக்குத்தான் பூசை. கதவுக்குச் சந்தனம், கதவுக்கு மாலை. வழக்குத் தீராதவர்கள் இந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்யச் சம்மதித்தால் அதோடு பேச்சு முடிந்தது என்பது சுற்றுப்பட்டு ஊர்களின் நம்பிக்கை. பிரசாதக் கடையில் சம்பா தோசை, பெரிதாக, மிளகு தூக்கலாக, நெய்யில் வெந்தது. அதை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி, மதியம்வரை பசிக்காது.

எல்லாரும் நூபுர கங்கைக்கு மேலே ஏறுவார்கள். நாங்கள் மேலூர்ப் பக்கமாக மலையைச் சுற்றிக்கொண்டு கிடாரிப்பட்டி போனோம். பஞ்சபாண்டவர் படுக்கை எங்கே என்று கேட்டால் ஆடு மேய்க்கும் பிள்ளைகூடக் கையைக் காட்டும். தமிழ்நாட்டில் சமணர் படுக்கைகள் பல பாண்டவர் கணக்கில்தான் இருக்கின்றன. ஏற்றம் ஒன்றும் கஷ்டமில்லை, கடைசிக் கொஞ்சம் மட்டும் செங்குத்து. உள்ளே போனால் பிரம்மாண்டமான குகைத்தளம். வெளியே தகிக்கும்போது உள்ளே குளிர்ச்சி, ஓரமாகத் தேங்கிய சுனைத் தண்ணீர். தரையில் வரிசை வரிசையாக வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள்.

மருமகன் ஒன்றில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். "தலகாணிகூட வச்சிருக்காங்க மாமா! ஆனா எனக்குக் கால் வெளிய போகுது."

"நீ சாமியாரில்லடா, அதான்."

மழைநீர் உள்ளே வழியாதிருக்க நெற்றிப் பாறையில் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் தமிழ்ப் பிராமி எழுத்துகள். வெறுங்கண்ணுக்குச் சுலபத்தில் பிடிபடாது. காலைச் சாய்வெயிலில் சில கோடுகள் தெரியும், மற்றதற்கு அறிஞர்கள் எடுத்த மைப்படிகளைத்தான் நம்ப வேண்டும். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார். கல்லில் இருப்பது ஒரு கடைத்தெரு. மதிரைப் பொன் கொல்வன் ஆதன் அதன் என்று ஒருவன். அடுத்து உப்பு வணிகன். பாணித வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்பவன். கொழு வணிகன், ஏர்முனை இரும்பு விற்பவன். அறுவை வணிகன், துணிக்காரன். அரசன் பெயரைத் தேடினால் இங்கே இல்லை. மதுரையில் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு வெளியே இந்த மலையில், வீடு வாசல் இல்லாமல் மழைக்காலத்தில் தங்க வருகிறவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தொழிலைச் சொல்லித்தான் பெயரைச் சொல்கிறார்கள்.

"அந்த ஆதனா?" என்றான் மருமகன், கீழடியை நினைத்து.

அந்த ஆதன் இல்லை. அந்தக் காலத்தில் ஆதன்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பானையில் பெயர் கீறியவன் பேரனுக்குப் பேரன் பட்டறை வைத்து நன்றாகச் சம்பாதித்து இங்கே வந்து பெயர் வெட்டியிருக்கக்கூடாதா என்று நினைக்க ஆராய்ச்சியாளருக்கு அனுமதி இல்லை, பயணிக்கு உண்டு.

வணிகர் மட்டும்தான் கொடுத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேலூர் வட்டத்திலேயே உள்ள மாங்குளம் மலையில் நெடுஞ்செழியனின் பெயர் இருக்கிறது, இன்னும் பழைய எழுத்தில். ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டது. ஆனால் அங்கேயும் அரசனுக்குப் பக்கத்திலேயே வெள்ளறை நிகமம் வந்து நிற்கிறது. நிகமம் என்றால் வணிகர் சங்கம்.

மேலூர் வட்டாரத்துக்குள் நுழைந்தால் கல்லுக்கு வேறு கணக்கு. சாலையோரம் அறுத்த கிரானைட் பாளங்கள் எண் போட்டபடி ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. குன்றுகள் இருந்த இடத்தில் செங்குத்தாக இறங்கும் குழிகள், அடியில் பச்சைத் தண்ணீர். 2012-இல் குவாரிகளை நிறுத்தினார்கள். 2014-இல் உயர் நீதிமன்றம் கிரானைட் முறைகேட்டை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. கீழவளவில் பிராமி எழுத்துள்ள பஞ்சபாண்டவர் மலை மட்டும் வெட்டிய பள்ளங்களுக்கு இடையே பிழைத்து நிற்கிறது. சுற்றுலாப் பட்டியலில் இந்தக் குழிகளையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மதுரை பார்க்க வருகிறவர்கள் மகாலின் தூணைத் தட்டிப் பார்ப்பதைவிட இங்கே ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

அரிட்டாபட்டி அந்தப் பக்கம்தான், ஏழு குன்றுகளுக்கு நடுவே. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். சுனைகள், கண்மாய்கள், பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறுகள். லகுலீசருக்குப் பாண்டியர் காலக் குடைவரை. எதிர்ப்புறம் குகையில் நெல்வெலிக்காரன் ஒருவனும் இலஞ்சி வேள் மகன் ஒருவனும் கொடுத்த கொடை, மறுபடியும் பிராமியில்.

குடைவரை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பெரியவரை ஊருக்குள் போய்த் தேடி அழைத்து வந்தோம். கம்பிக் கதவைத் திறந்து, பக்கச் சுவரில் கையில் தடியோடு ஒரு பாதத்தை மடித்து உட்கார்ந்திருந்த லகுலீசரைக் காட்டிவிட்டு, அவர் நேராக இந்தப் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு வந்தார். 2024 நவம்பரில் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது முதல் கிராமசபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே போன ஊர்வலம், அந்த மாதமே டெல்லியில் ரத்து ஆனது வரை ஒரு தேதி பிசகாமல் சொன்னார்.

"மலை போச்சுன்னா கம்மாய்க்கு ஏது தம்பி தண்ணி? மழ விழுந்தா பாறையில வழுக்கித்தேன் வருது."

"எல்லா ஊரும் சேந்து வந்தாங்களா ஐயா?" என்று கேட்டான் மருமகன்.

"ஊருக மட்டுமில்ல. மேலூருல அம்புட்டுக் கடையும் சாத்திப்புட்டாய்ங்க. மளிகக்கடை, நகக்கடை, துணிக்கடை, ஒண்ணு தொறக்கல. டீ குடிக்கக்கூட வழியில்ல அன்னைக்கு."

பொற்கொல்லனும் துணி வணிகனும் கிடாரிப்பட்டிக் கல்லில் இருப்பதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார், பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மேலூர் பக்கமாத்தானே போறீக? என்னைய பஸ் ஸ்டாண்டுக்கிட்ட எறக்கிவிட்ருங்க. ஒர மூடை சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போயிருவான் கடைக்காரன்."